20 நாள் கிடக்கும் பனியன், 15 நிமிட வேலை

உங்கள் கேள்வியின் சாரம் இது: திருப்பூரில் 40 மிஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறீர்கள். பையர் (சரக்கு வாங்கும் கம்பெனி) தரப்பில் லீன் முறைக்கு, அதாவது வேஸ்டைக் குறைத்து வேலை செய்யும் டொயோட்டா வழி முறைக்கு, மாறச் சொல்கிறார்கள். வந்த ஆலோசகர் முதலில் ப்ராசஸ் மேப்பிங் செய்யவேண்டும் என்கிறார். கார் கம்பெனிக்கு உண்டான சமாச்சாரம் பனியனுக்கு ஒத்துவருமா, வேஸ்ட் உண்மையிலேயே குறையுமா, கடைசியில் டைலர்களை இன்னும் வேகமாகத் தைக்கச் சொல்வதில்தான் போய் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படிப் போய் முடிந்தால் அது லீன் கிடையாது. இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையைச் செய்கிறேன். நான் பார்த்தவரை பனியன் கம்பெனியில் நேரமும் பணமும் அதிகமாகத் தொலைகிற இடம் தைப்பவரின் கையில் இல்லை. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும்வரை துணி கிடக்கிறதே, அங்கேதான் தொலைகிறது. அந்த இடைவெளியைக் காகிதத்தில் கொண்டுவருவதுதான் மேப்பிங்.

இது கார் கம்பெனிச் சமாச்சாரம் என்பதும் பாதி உண்மைதான். டொயோட்டாவின் வேர் தறியில் இருக்கிறது. டொயோட்டா குழுமத்துக்கு அடித்தளம் போட்ட சாகிச்சி டொயோடா செய்த தறிகளின் சிறப்பே நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் என்பதுதான். அறுந்த நூலோடு ஓடி டேமேஜ் துணி நெய்துகொண்டே இருக்காது. 1924ல் வந்த அவரது தானியங்கித் தறியின் காப்புரிமையை 1929ல் இங்கிலாந்தின் ப்ளாட் பிரதர்ஸ் என்ற நெசவு இயந்திரக் கம்பெனி வாங்கியது. டொயோட்டா உற்பத்தி முறையை வடிவமைத்த தைச்சி ஓனோ 1932ல் வேலைக்குச் சேர்ந்தது டொயோடா குழுமத்தின் நூற்பு, நெசவு ஆலையில். கார் கம்பெனிக்கு மாறியது 1943ல்தான். நூலும் துணியும் தெரிந்தவர் யோசித்தது காருக்குப் போனது. திருப்பூருக்கு அது அந்நியச் சரக்கு இல்லை.

ஓனோ ஏழு வகை வேஸ்டைச் சொன்னார். ஜப்பானியர் அதை முடா என்பார்கள். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, இடம்விட்டு இடம் தூக்கிக்கொண்டு போவது, தேவையில்லாத வேலை, கிடப்பில் போடுவது, உடம்பின் வீண் அசைவு, டேமேஜ். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரிய பலன் இல்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: தேவைக்கு மேல் செய்வதைத்தான் அவர் எல்லாவற்றிலும் மோசமானது என்றார். மற்ற வேஸ்ட் எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். இன்றைக்குத் தேவையில்லாத 1,000 பீஸை வெட்டிவிட்டால் அதை அடுக்க இடம் வேண்டும், தூக்க ஆள் வேண்டும், எண்ண ஆள் வேண்டும். நடுவில் பையர் அளவையோ கலரையோ மாற்றினால் மொத்தமும் டேமேஜ் கணக்கில் போய்விடும்.

சரி, மேப்பிங் என்பது என்ன? டொயோட்டாவுக்குள் இதற்குப் பெரிய பெயர் ஒன்றும் இருக்கவில்லை. பொருளும் தகவலும் எப்படி ஓடுகின்றன என்று வரையும் ஒரு படம், அவ்வளவுதான். 1998ல் மைக் ரோதர், ஜான் ஷூக் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அதை ஒரு பயிற்சிக் கையேடாக எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. வேலை நடக்கும் இடத்துக்குக் கட்டம், சரக்கு கிடக்கும் இடத்துக்கு முக்கோணம். படத்தின் மேல் பாதியில் தகவல் வரும் வழி, அடியில் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஒரு படியில் சரக்கு கிடந்த நாட்கள், மறு படியில் உண்மையில் வேலை நடந்த நிமிடங்கள். மொத்தப் படத்தின் உயிரும் அந்த அடிக்கோட்டில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியில் வரைந்த படத்தைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போல 40 மிஷின், இரண்டு லைன் (தையல் மிஷின் வரிசை). நெஞ்சில் பிரிண்ட் போட்ட ரவுண்ட் நெக் டி-சர்ட், ஒரே பையருக்குத் திரும்பத் திரும்ப வரும் ஆர்டர். கணக்குக்கு வசதியாக எண்களை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

பையருக்குத் தினம் 1,200 பீஸ் போகவேண்டும். சாப்பாடு, டீ நேரம் போக ஒரு நாளில் வேலை நேரம் 460 நிமிடம், அதாவது 27,600 விநாடி. அதை 1,200ஆல் வகுத்தால் 23 விநாடி. 23 விநாடிக்கு ஒரு பீஸ் கம்பெனியை விட்டு வெளியே வந்தால் போதும். இதைத்தான் டாக்ட் டைம் என்கிறார்கள். டாக்ட் ஒரு ஜெர்மன் சொல், தாளம் என்று பொருள். இரண்டு லைன் இருப்பதால் ஒரு லைனுக்கு 46 விநாடி. இந்த எண் இல்லாமல் யார் வேகம், யார் தாமதம் என்று பேசுவதில் அர்த்தமில்லை.

படம் வரைய நாங்கள் பேக்கிங்கிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி நடந்தோம். துணி வரும் வாசலிலிருந்து ஆரம்பித்தால், இப்படித்தான் நடக்கும் என்று எல்லாரும் மனதில் வைத்திருக்கும் கதையைத்தான் கேட்போம். பையருக்குப் போகும் வாசலிலிருந்து திரும்பி நடந்தால் ஒவ்வொரு இடத்திலும் 'இது எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது' என்று கேட்டாகவேண்டும். அந்தக் கேள்விக்குக் கதை சொல்ல முடியாது. கையில் ஒரு ஏ3 தாள், பென்சில், அழிரப்பர். கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்டாக்கை எடுக்கவில்லை. பண்டில் பண்டிலாக எண்ணினோம்.

கிடைத்த கணக்கு இது. பேக் செய்து ஷிப்மென்டுக்குக் காத்திருந்தது 3,600 பீஸ். அயர்னிங்குக்கு முன் 1,200. செக்கிங்குக்கு முன் 1,800. தையல் லைன்களுக்குள் 1,800. பிரிண்ட் முடிந்து வந்து தையலுக்குக் காத்திருந்தது 2,400. வெளியே பிரிண்டிங் யூனிட்டில் 4,800. வெட்டி வைத்து, பிரிண்டிங்குக்குப் போகக் காத்திருந்தது 3,600. வெட்டாமல் ரோலாக இருந்த துணி 4,800 பீஸுக்கு ஆகும். கூட்டினால் 24,000.

இந்த 24,000ஐ நாட்களாக மாற்ற ஒரு எளிய விதி உண்டு. பழனியில் மலைக்கு ஏறும் விஞ்ச் வண்டி வரிசையில் 300 பேர் நிற்கிறார்கள், நிமிடத்துக்கு 5 பேர் உள்ளே போகிறார்கள் என்றால், கடைசியாக வந்து நிற்பவருக்கு 60 நிமிடம் ஆகும். அவர் எவ்வளவு வேகமாக நடக்கக்கூடியவர் என்பது அங்கே செல்லாது. ஜான் லிட்டில் என்பவர் 1961ல் இதைக் கணிதமாகவே நிரூபித்தார். 24,000 பீஸ் உள்ளே நிற்கிறது, தினம் 1,200 வெளியே போகிறது. ஆக இன்று உள்ளே வரும் துணி வெளியே போக 20 நாள்.

அந்த 20 நாளில் அந்த டி-சர்ட்டின் மேல் கை படுகிற நேரம் எவ்வளவு? வெட்டுவது, பிரிண்ட், தையல், நூல் வெட்டுவது, செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து சுமார் 15 நிமிடம். 20 நாள் என்பது 9,200 வேலை நிமிடம். ஆயிரம் நிமிடத்துக்கு இரண்டு நிமிடம்கூட வேலை நடக்கவில்லை. முதலாளி படத்தின் அந்த அடிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அவர் கவலையெல்லாம் தையலின் எட்டு நிமிடத்தை ஏழாக்குவது எப்படி என்பதில்தான் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தைப் பிடித்திருந்தால் கூலிக் கணக்கில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். 20 நாள் 20 நாளாகவேதான் இருந்திருக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. கிடக்கும் நேரம் எல்லாமே வேஸ்ட் இல்லை. லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்து, பொதுவாக ஒரு நாளாவது தளர்வாகப் போட்டு வைக்கவேண்டும். ரோலில் சுற்றும்போது இழுபட்ட துணி தன் இயல்புக்குத் திரும்ப அந்த நேரம் வேண்டும். 'லீன் பண்ணுகிறோம்' என்று அதைக் குறைத்து உடனே வெட்டினால், தைத்த பிறகு பீஸ் சுருங்கி அளவு தப்பும். அப்புறம் மொத்த லாட்டும் போய்விடும். துணியைத் தெரியாதவர் கையில் இந்தப் படத்தைக் கொடுக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

வெட்டி வைத்த 3,600 பீஸுக்கு வருகிறேன். கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் சுவரோரமாக, ஆள் மார்பு உயரத்துக்குப் பண்டில்கள். கட்டிங் மாஸ்டரிடம் கேட்டேன்: "ஏனுங்க மாஸ்டர், மூணு நாளுக்கானதைச் சேர்த்து வெட்டி வெச்சிருக்கீங்களே?"

"பிரிண்டிங் வண்டி மூணு நாளைக்கு ஒருக்காதானுங்க வருது. அதுவுமில்லாம டேபிள் காலியா இருந்தா முதலாளி சும்மா இருக்கறோம்னு நெனைப்பாருங்க."

அவர் சொன்ன இரண்டு காரணமும் உண்மை. அவருடைய வேலையை அளந்தது, ஒரு நாளில் எத்தனை பீஸ் வெட்டினார் என்பதை வைத்து. அடுத்த கட்டத்துக்கு எது வேண்டும் என்பதைப் பற்றி யாரும் அவரைக் கேட்டதில்லை. வண்டி ஏன் மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று விசாரித்தால், நிறைய சரக்கு சேர்ந்தால்தான் வண்டி அனுப்புவோம் என்று பிரிண்டிங் யூனிட்காரர் சொன்னதாகச் சொன்னார்கள். அவரைப் போய்க் கேட்டால், 'நீங்கள்தானே மொத்தமாகத் தருகிறீர்கள்' என்றார். இரண்டு பக்கமும் மற்றவருக்காகக் காத்திருந்திருக்கிறார்கள், வருடக்கணக்காக. ஒரே தாளில் இரண்டு பக்கத்தையும் வரையும்வரை யாருக்கும் அது தெரியவில்லை.

இதன் உண்மையான விலை இடமோ வட்டியோ மட்டும் இல்லை. அந்த ஆர்டரில் ஒரு கலருக்கு பிரிண்ட் நெஞ்சில் கொஞ்சம் இறங்கி விழுந்திருந்தது. பேனலை, அதாவது வெட்டிய துணித் துண்டை, பிரிண்டிங் டேபிளில் பொருத்துவதில் வந்த பிழை. கண்டுபிடித்தது எங்கே? தைத்து முடித்த பிறகு, செக்கிங் டேபிளில். பிரிண்டிங்குக்கும் செக்கிங்குக்கும் நடுவே 2,400, 1,800, 1,800 என்று 6,000 பீஸ் நிற்கிறது, அதாவது 5 நாள். முதல் தப்பான பீஸ் செக்கிங் டேபிளுக்கு வந்து சேர்வதற்குள், அதே தப்போடு இன்னும் எத்தனை பண்டில் பிரிண்டாகி வந்துவிட்டது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தைத்த டி-சர்ட்டில் பிரிண்டை நகர்த்த முடியாது. அந்தத் துணிக்குப் பின்னால் நூல் இருக்கிறது, சாயம் இருக்கிறது, சாயக் கழிவு நீரைச் சுத்திகரித்த செலவு இருக்கிறது. 2011ல் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த காலத்தை மறக்காதவர்களுக்கு, ஒரு டேமேஜ் பீஸின் விலை அதன் தையல் கூலியோடு நிற்காது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

செக்கிங்கில் ஆள் கூட்டுவதுதான் வழக்கமான தீர்வு. நாங்கள் செய்தது வேறு. பிரிண்டிங் முடிந்து வரும் ஒவ்வொரு பண்டிலிலும் 5 பேனலை, இறக்கும் இடத்திலேயே ஒரு அட்டை மாதிரியின் மேல் வைத்துப் பார்ப்பது. ஒரு கைமடி (டைலருக்கு உதவியாள்) செய்யும் வேலை. அளவு தப்பினால் வண்டி திரும்புவதற்குள் பிரிண்டிங் யூனிட்டுக்குப் போன் போய்விடும். டொயோடாவின் தறி நூல் அறுந்ததும் நின்றதே, அதே யோசனைதான்.

இப்போது லைனுக்குள் வருவோம். இங்கேதான் வேகம் பற்றிய உங்கள் பயத்துக்கு நேரடியான பதில் இருக்கிறது. சைடு ஜாயின்ட் போடும் ஓவர்லாக் மிஷினில் ஒரு அக்கா. அவர் பக்கத்தில் நின்று இருபது பீஸுக்கு நேரம் குறித்தோம். எதற்கு என்று முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான். சராசரி 52 விநாடி. லைனுக்குத் தேவை 46. பேப்பரில் பார்த்தால் அவர்தான் லைனைத் தாமதப்படுத்துகிறார், சூப்பர்வைசரும் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த 52 விநாடியில் ஊசி ஓடிய சத்தம் கேட்டது 18 விநாடி மட்டும்தான். மீதி நேரம் என்ன நடந்தது? பண்டில் தரையில் கிடந்தது. ஒவ்வொரு பீஸுக்கும் இடது பக்கம் குனிந்து எடுத்தார். முந்தைய மிஷினில் சட்டைக் கை வைத்துத் தைத்து வந்த பீஸ்கள் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாக விழுந்திருந்தன. ஒவ்வொன்றையும் திருப்பி, அக்குள் தையலை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். தைத்தார். கத்தரியைத் தேடி நூலை வெட்டினார். மறுபடி தரையில் போட்டார். ஒரு நாளில் 600 தடவை குனிகிறார். மாலையில் இடுப்பு வலி என்று அவர் சொன்னதை யாரும் உற்பத்திப் பிரச்சினையாகப் பார்க்கவே இல்லை.

மிஷின் உயரத்துக்கு இடது பக்கம் ஒரு சரிவுப் பலகை வைத்தோம். முந்தைய மிஷின்காரர் பீஸை ஒரே திசையில் அதன் மேல் நழுவ விட்டார். கத்தரியை மிஷின் தலையில் ஒரு நாடாவில் கட்டினோம். இரண்டு நாளில் 43 விநாடி. ஊசி ஓடும் நேரம் அதே 18தான். அவர் வேகமாகத் தைக்கவில்லை, குனிவதை நிறுத்தினார். பலகைக்கு ஆன செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள், பழைய ப்ளைவுட்.

படத்தின் மேல் பாதியையும் விடாதீர்கள். அதில் தகவல் ஓடும் வழி இருக்கிறது. எங்கள் ஊரில் பாதித் தாமதம் துணியில் இல்லை, அப்ரூவலில் இருக்கிறது. பிரிண்ட் மாதிரிக்கு பையர் சரி சொல்லவேண்டும், வாஷ் கேர் லேபிள் வந்து சேரவேண்டும், பாலி பேக்கின் அளவு உறுதியாகவேண்டும். லேபிள் வராமல் லைனை ஓட்டிவிட்டு, வந்த பிறகு சைடு தையலைப் பிரித்து லேபிளை வைத்துத் தைத்த கதையெல்லாம் உண்டு. பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்சன்டைசரை உட்காரவைத்து, ஒவ்வொரு அப்ரூவலும் எத்தனை நாள் யார் மேஜையில் கிடந்தது என்று அவர் மெயிலைப் பார்த்தே எழுதச் சொல்லுங்கள். கோபமில்லாமல் கேளுங்கள்.

அந்தக் கம்பெனியில் நான்கு மாதத்தில் 20 நாள் பதினொன்றரை நாளாக வந்தது. பிரிண்டிங் வண்டி தினம் வந்தது. வெட்டுவது அன்றன்றைய கலர், அன்றன்றைய சைஸ் என்று ஆனதால் சுவரோரக் குவியல் ஒரு நாள் சரக்காக இறங்கியது. பிரிண்ட் முடிந்து வந்த பேனல் அரை நாளுக்கு மேல் நிற்கவில்லை. செக்கிங் டேபிள்களைத் தனி ஹாலிலிருந்து லைன் முடியும் இடத்துக்கே கொண்டுவந்தோம். அதில் ஒரு நாள் போனது. மற்ற இடங்களில் அரை நாள், ஒரு நாள் என்று குறைந்தது. நடக்காததும் உண்டு. பிரிண்டிங் யூனிட்டை ஒரு நாளில் இரண்டு முறை சிறுசிறு லாட்டாகப் போட வைக்க நினைத்தோம். கலர் மாற்றும்போது ஸ்க்ரீனைக் கழுவி மறுபடி பொருத்த அவர்களுக்கு ஆகும் நேரத்தில் அது கட்டுப்படியாகவில்லை. முதலில் அந்த மாற்றும் நேரத்தைக் குறைக்கவேண்டும். ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் டொயோட்டாவில் 4 மணி நேரம் பிடித்த ஒரு பெரிய பிரஸ்ஸின் டை (அச்சு) மாற்றத்தை, கடைசியில் 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தவர். அந்த வழிமுறை ஸ்க்ரீனுக்கும் பொருந்தும். ஆனால் அது அவர்கள் வீட்டு வேலை, அவர்களுக்கு மனம் இருந்தால்தான் நடக்கும்.

பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் சின்னப் பண்டிலை விரும்பமாட்டார்கள் என்பதை முன்கூட்டியே எதிர்பாருங்கள். பண்டில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அவர்கள் கையிலிருந்து காசு போகிறது. அது நியாயமான குறை. ரேட்டில் அதற்கு இடம் கொடுத்துவிட்டு அப்புறம் பண்டிலைச் சிறிதாக்குங்கள். இன்னொன்று, மிக முக்கியமானது. முதல் படத்தால் மிச்சமான நேரத்தைக் காட்டி ஒரே ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பினாலும், இரண்டாவது படம் வரைய நீங்கள் நடக்கும்போது ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் இப்படியே நடந்தது. அதற்குப் பிறகு ஸ்டாப்வாட்சைப் பார்த்தாலே எல்லார் கையும் மெதுவாகிவிடும். மிச்சமான ஆட்களை செக்கிங்கை லைனுக்குள் கொண்டுவரவும், புது டைலர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் பயன்படுத்துங்கள். அதில் உங்களுக்குத்தான் லாபம்.

ஆலோசகர் தேவையா என்றால், முதல் படத்துக்கு வேண்டாம். ஒரு தடவை நீங்களே வரைந்து பார்த்த பிறகு கூப்பிட்டால், அவர் சொல்வதில் எது நம் கம்பெனிக்குப் பொருந்தும் என்று உங்களுக்கே தெரியும். செலவு பற்றிய கவலைக்கு, மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கிய சிறு, குறு தொழில்களுக்கான லீன் திட்டம் இருக்கிறது. ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசே ஏற்கும்படி அமைத்த திட்டம். உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால், திட்டம் இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று விசாரித்து விண்ணப்பித்துப் பாருங்கள். படம் வரையும் மென்பொருள் எதையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். பென்சிலில் வரைந்த படத்தை அழித்து மாற்ற யாருக்கும் கூச்சம் இருக்காது. கலர் பிரிண்ட் எடுத்து ஃபிரேம் போட்ட படத்தைத் தொட எல்லாரும் பயப்படுவார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரில் அடிக்கடி வரும் ஒரே ஒரு ஸ்டைலை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லா ஸ்டைலையும் ஒரே தாளில் போடாதீர்கள். ஒரு சாதாரண நாளில், ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத நாளில், காலை டீ முடிந்ததும் ஆரம்பியுங்கள். கட்டிங் மாஸ்டர், ஒரு லைன் சூப்பர்வைசர், மெர்சன்டைசர், நீங்கள் என்று நான்கு பேர் போதும். பேக்கிங்கில் அடுக்கியிருக்கும் பெட்டிகளை எண்ணி முதல் முக்கோணத்தைப் போடுங்கள். எண்ணும் வேலையை மாஸ்டரிடம் கொடுங்கள், பென்சிலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.